மேலணி இழையம்: பரீட்சையில் புள்ளி போகும் இடங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ரியூஷனுக்கு வரும் உயர்தரப் பிள்ளைகளிடம், உடலின் பரப்புகளையும் உள்ளுறுப்புகளின் உட்புறத்தையும் மூடும் கலப்படையான மேலணி இழையத்தின் வகைகளைக் கேட்டால் செதில், கனவடிவம், கம்பம், எளியது (ஒரு படை), படைகொண்டது (பல படை) என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம்: அந்த இடத்தில் ஏன் அந்த வகை? பெயரையும் தொழிலையும் தனித்தனியே மனப்பாடம் செய்வதால் வரும் வினை இது.

நுரையீரலின் சிற்றறையை (நுண்ணிய காற்றுப்பையை) எடுங்கள். அங்கே ஒட்சிசன் பரவ வேண்டும், பரவும் தூரம் குறைவாக இருக்க வேண்டும். அதனால் ஒரே படை, அதுவும் தட்டையான செதில் கலங்கள். களத்தில் (உணவுக்குழாயில்) உணவு உராய்ந்துகொண்டே இறங்குகிறது. மேற்படை தேய, அடியிலிருந்து புதுக் கலங்கள் எழும்பி வர வேண்டும். அதனால் படைகொண்ட செதில் மேலணி. இரண்டையும் வெறுமனே 'செதில் மேலணி' என்று எழுதினால் பாதி விடைதான்.

படைகொண்ட மேலணிக்குப் பெயர் வருவது மேற்பரப்புக் கலங்களின் வடிவத்தை வைத்து. தோலின் மேற்றோலில் அடிப்படைக் கலங்கள் கனவடிவமாகவோ கம்பமாகவோ இருக்கும். படத்தில் அவற்றைப் பார்த்துவிட்டு 'படைகொண்ட கம்ப மேலணி' என்று எழுதிவிடுகிறார்கள். வாய்க்குள் இருப்பதும் தோலில் இருப்பதும் ஒன்றேதான் என்பதும் தவறு. தோலின் மேற்படையில் கெரற்றின் என்ற கடினமான புரதம் நிறைந்த இறந்த கலங்கள் இருக்கும், கன்னத்தின் உட்பரப்பில் அப்படி இல்லை.

அதிகம் குழப்புவது வாதனாளியில் (மூச்சுக்குழாயில்) உள்ள போலிப்படைகொண்ட மேலணி. கலங்களின் கருக்கள் வெவ்வேறு உயரத்தில் தெரிவதால் பல படை என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு கலமும் தனக்கு அடியில் இருக்கும் மெல்லிய படையான அடித்தள மென்சவ்வைத் தொடுகிறது, ஆனால் எல்லாம் மேற்பரப்பை எட்டுவதில்லை. காலி வீதி பஸ்ஸில் நெருக்கி நிற்கும் சனத்தைப் போல, காலெல்லாம் ஒரே தரையில், தலைகள் மட்டும் மேலும் கீழும். ஆகவே கருவை எண்ணாதீர்கள், அடியைப் பாருங்கள். இந்த மேலணியில் கெண்டிக் கலங்கள் சுரக்கும் சீதத்தில் தூசி ஒட்ட, பிசிர்கள் (கலங்களின் மயிர்போன்ற நுண்ணிய நீட்டங்கள்) அதைத் தொண்டை நோக்கித் தள்ளும். நீண்டகாலம் புகைப்பவர்களில் இந்தப் பிசிர்க் கலங்களின் இடத்தில் படைகொண்ட செதில் மேலணி உருவாகலாம். அப்போது சீதத்தை வெளியேற்ற இருமல்தான் மிச்சம். அமைப்பு மாறினால் தொழிலும் போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பிசிர், நுண்சடைமுளை, சடைமுளை மூன்றையும் கலந்துவிடுவதும் வழக்கம். பிசிர் அசையும், தள்ளும். நுண்சடைமுளை கல மென்சவ்வின் நீட்டம், அகத்துறிஞ்சும் பரப்பைக் கூட்டும். சடைமுளையோ சிறுகுடற் சுவரின் விரல்போன்ற மடிப்பு, ஒரு முழு அமைப்பு. ஒரு சடைமுளையின் மேல் பல கம்பக் கலங்கள், அவை ஒவ்வொன்றிலும் பல நுண்சடைமுளைகள். இந்தக் கலங்கள் பொதுவாக 3 முதல் 5 நாட்களில் புதுப்பிக்கப்படுகின்றன.

அப்புறம், 'அடித்தள மென்சவ்வு' என்ற பெயரைக் கேட்டுக் கல மென்சவ்வு என்று எண்ண வேண்டாம். அது கலங்களுக்கு வெளியே உள்ள, புரதங்களாலான படை. மேலணிக்குள் குருதிக்குழாய்கள் கிடையாது. கீழுள்ள தொடுப்பிழையத்திலிருந்து போசணை இந்தப் படையைத் தாண்டித்தான் பரவி வருகிறது. வரைபடத்தில் மேலணிக் கலங்களுக்கிடையே மயிர்க்குழாய் (மிக நுண்ணிய குருதிக்குழாய்) வரைந்தால் அது பிழை.

சுரப்பிகளையும் மறக்கக் கூடாது. உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, தைரொயிட்டு எல்லாமே மேலணியிலிருந்து உருவானவை. 'மூடுதல்' என்று மட்டும் தொழிலை எழுதினால் சுரத்தல் விடுபட்டுப்போகும்.