தோணியில் மீன் பிடித்த கதையை நம்பும்படி புளுகுவது எப்படி?

காசிமேட்டில் பிறந்தவன் நான். இருந்தும் மூன்று வருடமாக என் மீன் கதையை எங்கள் டீக்கடையில் ஒருவர்கூட முழுதாகக் கேட்டதில்லை. போன மாதம்தான் கடைசிவரை கேட்டார்கள். ஒருவர் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அந்தச் செய்முறை இது. தூண்டில் கட்டுவது, இரை கோப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டாலும் குற்றமில்லை, மீன் பிடிக்கப் போவதில்லை.

முதலில் படகு. துடுப்புத் தோணிதான் சரி. எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகு என்றால், மீன் இழுத்தபோது எஞ்சினைப் போட்டுத் திரும்பியிருக்கலாமே என்று மடக்கிவிடுவார்கள். கட்டுமரமும் வேண்டாம். கட்டைகளுக்கு இடையே தண்ணீர் ஏறி இறங்குமே தவிர, அது மூழ்காது. மூழ்காத மரத்தில் ஏறிக்கொண்டு என்ன கதை சொல்வது?

இடம், எண்ணூர்க் கழிமுகம். அலையாத்திச் செடிகளுக்குள் நுழைந்துவிட்டால் சாட்சி கிடையாது.

மீனை வஞ்சிரம் என்று சொல்லிவிடாதீர்கள், அது கடல் மீன். கொடுவா கடலிலும் இருக்கும், கழியிலும் இருக்கும். 50 கிலோவைத் தாண்டியும் வளரக்கூடியது. ஆகவே 18 கிலோ 700 கிராம் என்பது அடக்கமான பொய். முழு எண் மட்டும் கூடாது.

நான் வழுக்கி விழுந்தது அடுத்த படியில்: நேரம். "அமாவாசை ஓதம், தண்ணீர் கழிக்குள் பொங்கி ஏறுகிறது" என்று ஆரம்பித்தேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், பெரிதாக இருக்கும் என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த உற்சாகத்தில், "மீன் துள்ளியதும் நிலா வெளிச்சத்தில் செதில் வெள்ளித் தட்டாக மின்னியது" என்றேன். மூலையில் கூடையை இறக்கி வைத்திருந்த மீன்கார ஆயா, டீயை ஆற்றிக்கொண்டே, "அமாவாசைக்கு நிலாவை எந்தக் கடையில் வாங்கினாய், ராசா?" என்றார். அன்றிலிருந்து தினசரிக் காலண்டரைப் பார்க்காமல் நான் வாயைத் திறப்பதில்லை.

இப்போது நான் கடைப்பிடிப்பது வேறு முறை. பொய்க்கு முன்னால், பொய் போலவே இருக்கும் உண்மை ஒன்றை வைப்பேன். "கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் இருக்கும், சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும்" என்பேன். சிரிப்பார்கள். கைபேசியில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். உண்மை என்று தெரிந்ததும், சிரித்த வெட்கத்தில் அடுத்த இரண்டு வாக்கியத்தைக் கேள்வி கேட்காமல் விழுங்குவார்கள். அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்: தூண்டிலைக் கவ்விய கொடுவா, தோணியோடு என்னைப் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காட்டு ஏரிவரை இழுத்துப் போனது. அங்கே தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டது.

கால்வாய் உண்மை, ஏரி உண்மை, அது அங்கே போய்ச் சேருவதும் உண்மை.

சந்தேகப்படுகிறவருக்குப் பழவேற்காட்டிலிருந்து திரும்பிய பஸ் டிக்கெட்டைக் காட்டுங்கள். நான் நண்டு வாங்கப் போன நாளின் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த எண்ணூர்க்காரர் ஒருவர், "நீங்கள் பஸ்ஸில் வந்தீர்கள், சரி. தோணி எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கிறார். மூன்று நாள் யோசித்தேன். மனம் கேட்காமல் அந்தக் கொடுவாவே மறுநாள் தோணியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனது. துடுப்பு மட்டும் இன்னும் வரவில்லை.