உளவியல் ஆய்வு முறையியல் ஆய்வேட்டை விருதுக்கு அனுப்புவது எப்படி?

ஆய்வேடு முடிந்ததும் "இதை ஏதாவது விருதுக்கு அனுப்பலாமே" என்று நெறியாளர் சொல்வார். எப்படி அனுப்புவது என்று பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. என் ஆய்வேட்டை அனுப்பியபோது செய்த வேலைகளை இங்கே வரிசையாக எழுதுகிறேன். புள்ளியியல் அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இது முறையியல் ஆய்வேடுதானா?

ஆய்வு செய்யும் முறையைப் பற்றியே பேசுவதுதான் முறையியல் ஆய்வேடு. ஒரு எளிய சோதனை. உங்கள் ஆய்வேட்டிலிருந்து தலைப்புப் பொருளை, உதாரணமாகத் தேர்வு பயத்தை, எடுத்துவிட்டுத் தூக்கமின்மையை வையுங்கள். அப்போதும் உங்கள் பங்களிப்பு அப்படியே நின்றால் அது முறையியல். தேர்வு பயத்தோடு சேர்ந்து அதுவும் போய்விட்டால், நல்ல ஆய்வாகவே இருந்தாலும் வேறு பிரிவு விருதுக்கு அனுப்புங்கள்.

படி 2: விருதைத் தேர்ந்தெடுங்கள்

உளவியல் அளவீட்டு ஆய்வாளர்களின் அமைப்பான சைக்கோமெட்ரிக் சொசைட்டி ஆய்வேடுகளுக்கு விருது தருகிறது. அளவுசார் முறைகளையும் பண்புசார் முறைகளையும் கவனிக்கும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் 5ஆம் பிரிவில், உளவியல் சோதனைகள் பற்றி எழுதிய ஆன் அனஸ்தாசியின் பெயரிலேயே ஓர் ஆய்வேட்டு விருது உண்டு. அறிவிப்பில் நான்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: எந்தப் பட்டத்துக்கு, எந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும், நீங்களே விண்ணப்பிக்கலாமா இல்லை வேறொருவர் பரிந்துரைக்க வேண்டுமா, உறுப்பினராக இருப்பது கட்டாயமா. முடிந்த தேதி என்றால் சமர்ப்பித்த நாளா, வாய்மொழித் தேர்வு நாளா, பட்டம் பெற்ற நாளா? சந்தேகம் இருந்தால் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

படி 3: சுருக்கம்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் சுருக்கத்தை வெட்டி ஒட்டினால் போதும் என்று தோன்றும். போதாது. அது உங்கள் தேர்வாளர்களுக்காக எழுதியது. என்ன செய்தீர்கள் என்று சொல்லும். விருதுக் குழுவில் இருப்பவர் ஒரே மாலையில் பல ஆய்வேடுகளைப் புரட்டுவார். இதைப் படித்த ஆய்வாளர் நாளை எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

என் பழைய முதல் வரி இப்படி இருந்தது: "இந்த ஆய்வில் பல்வேறு சூழல்களில் க்ரான்பாக் ஆல்ஃபாவும் ஒமேகாவும் ஒப்பிடப்பட்டன." இரண்டுமே ஒரு வினாநிரலின் நம்பகத்தன்மையைச் சொல்லும் எண்கள். வரியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

மாற்றி எழுதியது: "ஒரு வினாநிரலின் வினாக்கள் எல்லாம் அளக்க வேண்டிய பண்பை ஒரே அளவில் தாங்கி நிற்பதில்லை. அப்படிப்பட்ட இடங்களில், பிழைகளுக்குள் தொடர்பு இல்லாதபோது, ஆல்ஃபா நம்பகத்தன்மையைக் குறைத்துக் காட்டும். அந்த இடைவெளி எப்போது ஒரு வினாநிரலை வீணாக ஒதுக்கிவிடும் அளவுக்குப் பெரிதாகிறது என்பதை இந்த ஆய்வேடு காட்டுகிறது."

ஆல்ஃபா பற்றிய க்ரான்பாக்கின் கட்டுரை வந்தது 1951இல். இன்றும் உளவியல் கட்டுரைகளில் எங்கு பார்த்தாலும் அந்த எண்தான். அதனால் இந்தப் பிரச்சினை யாரைத் தொடுகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் தலைப்புக்கு அந்த வசதி இல்லையென்றால், இந்த முறையை யார் தினமும் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

படி 4: சிமுலேஷன் எண்களைச் சரிபாருங்கள்

முறையியல் ஆய்வேடுகளில் பெரும்பாலும் சிமுலேஷன், அதாவது கணினியில் செயற்கைத் தரவை உருவாக்கி ஒரு முறையைச் சோதிப்பது, இருக்கும். நடுவர்கள் முதலில் கை வைக்கும் இடமும் அதுவே. 1,000 முறை ஓட்டி, 5 சதவீதமாக இருக்க வேண்டிய தவறு விகிதம் 5.8 வந்தது என்று வையுங்கள். "இந்த முறை எல்லை மீறுகிறது" என்று எழுதலாமா? 0.05ஐ 0.95ஆல் பெருக்கி, 1,000ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். ஏறக்குறைய 0.7 சதவீதப் புள்ளி வரும். சிமுலேஷனுக்கே உள்ள திட்டப் பிழை இவ்வளவு என்றால் 0.8 வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 10,000 முறை ஓட்டினால் அதே பிழை 0.22 ஆகிவிடும், அப்போதும் 5.8 வந்தால் தைரியமாக எழுதலாம். ஒவ்வொரு அட்டவணையின் கீழும் இந்தப் பிழையைக் குறிப்பிடுங்கள்.

படி 5: கோடும் (கணினி நிரலும்) தரவும்

2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, அவற்றில் 36 சதவீதத்தில்தான் மறுபடியும் புள்ளியியல் ரீதியாகப் பொருளுள்ள முடிவு கிடைத்தது. அதற்குப் பிறகு கோடு இல்லாமல் முறையியல் ஆய்வேடு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் விருப்பம் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி. மெனுவை அழுத்தி அழுத்திச் செய்யும் மென்பொருளில், என்ன செய்தோம் என்பதற்குத் தடமே இல்லாமல் போய்விடலாம். அட்டவணைகளைக் கையால் ஒட்டாமல், எழுத்தையும் கோடையும் ஒரே ஆவணமாக்கும் குவார்ட்டோ என்ற மென்பொருள் வழியாக நேரே கோடிலிருந்து வரவழையுங்கள். கோப்புகளைச் சொந்த டிரைவில் வைக்காமல் ஆய்வுக் கோப்புகளைப் பகிர்வதற்கான ஓஎஸ்எஃப் தளத்தில் வையுங்கள். பெயர் மறைத்த இணைப்பு அங்கே கிடைக்கும். மனிதர்களிடம் வாங்கிய தரவு என்றால், அவர்கள் கொடுத்த ஒப்புதல் பொதுவில் பகிர இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். இடமில்லையென்றால், அதே அமைப்பில் செயற்கையாக உருவாக்கிய தரவு போதும்.

படி 6: பரிந்துரைக் கடிதம்

நெறியாளரிடம் வெறுமனே "கடிதம் வேண்டும்" என்று கேட்காதீர்கள். புதுச் சுருக்கம், விருதின் விதிகள், ஆய்வேட்டில் எது முழுக்க உங்கள் யோசனை என்ற குறிப்பு, மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். கடைசியாகச் சொன்னதை நெறியாளரைத் தவிர வேறு யாராலும் உறுதியாக எழுத முடியாது.

பின்சேர்க்கை 1: "ஒரே சீட் எண் கொடுத்தும் என் கணினியில் வேறு எண்கள் வருகின்றன" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சீட் என்பது தற்செயல் எண்களின் வரிசை எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண். அவருடைய ஆர் பழைய பதிப்பு. 2019இல் வந்த 3.6.0 பதிப்பில், சாம்பிள் என்ற கட்டளை எண்களைப் பொறுக்கும் விதத்தை மாற்றிவிட்டார்கள். சீட் மட்டும் போதாது. ஆர் பதிப்பையும் பேக்கேஜ் பதிப்புகளையும் சேர்த்து எழுதி வையுங்கள். இந்த வேலைக்கு ரென்வ் என்ற ஆர் பேக்கேஜ் நன்றாக உதவுகிறது.

பின்சேர்க்கை 2: பெயர் மறைத்து அனுப்பச் சொல்லும் விருதுகளைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். அட்டைப் பக்கத்தை எடுத்தால் மட்டும் ஆகாது. பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் இருக்கும். கோடில் கோப்பு இருக்கும் இடத்தை முழுதாக எழுதியிருந்தால், உங்கள் கணினியின் பயனர் பெயர் அதிலேயே தெரியும். நன்றியுரையையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணையும் பாருங்கள். அப்புறம் எல்லாக் கோப்புகளிலும் உங்கள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் ஒருமுறை தேடிவிட்டு அனுப்புங்கள்.