ஒரு மாதத்தில் ஓர் அறிவியல் புனைகதைச் சாகச விளையாட்டு

கிறிஸ் ஜோன்ஸ் 1997இல் வெளியிட்டு இன்றுவரை இலவசமாகக் கிடைத்துவரும், திரையில் பொருள்களைச் சொடுக்கிப் புதிர்களை விடுவித்துக் கதையில் முன்னேறும் சாகச விளையாட்டுகளை உருவாக்க உதவும் அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமக்குள் ஒரு மாதாந்திரப் போட்டியை நடத்திவருகிறார்கள். முந்தைய போட்டியில் வென்றவர் ஒரு கருப்பொருளை அறிவிப்பார். பங்கேற்பவர்கள் அந்த மாதத்துக்குள் அதையொட்டி ஒரு குறுவிளையாட்டைச் செய்துமுடித்து வாக்கெடுப்புக்கு வைப்பார்கள். இப்படியொரு போட்டிக்கு முதன்முறையாக ஓர் அறிவியல் புனைகதை விளையாட்டைச் செய்ய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். ஓரளவு வரையத் தெரிந்தவர், நிரல் எழுதுவதைக் கண்டு அஞ்சாதவர், மாலைப் பொழுதுகளையும் வார இறுதிகளையும் மட்டுமே ஒதுக்கக்கூடியவர் என்று உங்களைக் கருதிக்கொள்கிறேன்.

அளவை முதல் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஐந்து அறைகள், ஒரே மாந்தர், அரைமணி நேர ஆட்டம் என்பது தனியொருவர் ஒரு மாதத்தில் செய்துமுடிக்கக்கூடிய அளவு. என் முதல் முயற்சியில் பதினான்கு அறைகளுக்குத் திட்டமிட்டேன். மாதம் முடிந்தபோது ஒன்பது அறைகள் அழகாக வரையப்பட்டிருந்தன, ஆனால் விளையாட்டுக்கு முடிவு இல்லாததால் அதை அனுப்ப இயலவில்லை. அதன்பிறகு, இறுதிக் காட்சியை முதல் வாரத்திலேயே செய்துவைத்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வேலை செய்வதை வழக்கமாகக் கொண்டேன்.

ஒரே ஒரு பற்றாக்குறை

அறிவியல் புனைகதை என்றதும் விண்மீன் பேரரசுகளும் வேற்றுக்கோள் மொழிகளும் மனத்தில் வந்து நிற்கும். அரைமணி நேர விளையாட்டில் அவற்றை விளக்குவதற்கே நேரம் போதாது. அதற்குப் பதிலாக ஓர் இயற்பியல் உண்மையையும் ஒரு பற்றாக்குறையையும் தேர்ந்தெடுத்து, விளையாட்டில் உள்ள புதிர்கள் அனைத்தும் அவற்றிலிருந்தே பிறக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இது ஒன்றுதான்.

நல்ல புதிர் எப்படி இருக்கும் என்பதற்கு 1970 ஏப்ரலில் நடந்த அப்பல்லோ 13 பயணத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நிலவுக்குச் செல்லும் வழியில் ஆக்சிஜன் கலம் ஒன்று வெடித்ததால், மூன்று விண்வெளி வீரர்களும் இருவருக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்ட நிலவு இறங்குகலத்தில் தஞ்சம் புக நேர்ந்தது. அவர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகள் அந்தக் கலத்தில் போதிய அளவு இல்லை. தாய்க்கலத்தில் வேண்டிய அளவு இருந்தன, ஆனால் அவை சதுர வடிவில் இருந்தன. இறங்குகலத்தின் பொருத்துவாயோ வட்டமானது. பிளாஸ்டிக் பைகள், அட்டை, விண்வெளி உடையின் குழாய்கள், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு ஓர் இணைப்பை உருவாக்கும் முறையைத் தரையிலிருந்த பொறியாளர்கள் கண்டறிந்து, அதை வானொலி வழியாகப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதில் மூன்று தன்மைகளைக் கவனியுங்கள். என்ன வேண்டும் என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதற்கான பொருள்கள் அனைத்தும் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே கலத்தில் இருந்தன. தீர்வைக் கண்டவுடன் அது ஏன் வேலை செய்கிறது என்பதும் விளங்கிற்று. ஆடுபவர் ஒரு தடையில் நின்று விழிக்கும்போது இந்த மூன்றில் எது குறைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும்.

செவ்வாயில் ஓர் எடுத்துக்காட்டு

செவ்வாயில் தனியே பணியாற்றும் ஒரு பொறியாளரைக் கதைத்தலைவியாகக் கொள்வோம். கோள் முழுவதையும் சூழ்ந்த புழுதிப்புயலால் சூரியத் தகடுகளுக்கு ஒளி கிடைக்கவில்லை. இது வெறும் கற்பனையன்று. 2018இல் எழுந்த அத்தகைய புயலில்தான், 2004 முதல் செவ்வாயில் ஓடிக்கொண்டிருந்த ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி ஜூன் 10ஆம் தேதி தன் கடைசிச் செய்தியை அனுப்பிவிட்டு மௌனமானது. அதே கோளில் அணுமின்கலத்தால் இயங்கும் கியூரியாசிட்டி தொடர்ந்து வேலை செய்தது. ஆக, நம் கதையின் பற்றாக்குறை மின்சாரம். நிலையத்தில் வெப்பமூட்டி, காற்றுச் சுத்திகரிப்பு, வானொலி, வெளிக்கதவு என நான்கு அமைப்புகள் உள்ளன. மின்கலத்தில் எஞ்சியிருக்கும் ஆற்றலால் ஒரே நேரத்தில் இரண்டை மட்டுமே இயக்க முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புயல் அலைக்கம்பத்தைச் சாய்த்துவிட்டது என்று எழுதத் தோன்றும். செவ்வாயின் வளி அழுத்தம் புவியினுடையதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், அங்கே கடுங்காற்றுகூட மெல்லிய தள்ளலாகத்தான் உணரப்படும். புயலின் ஆபத்து இருளில் இருக்கிறது, காற்றின் வேகத்தில் இல்லை. இப்படிப்பட்ட உண்மையைப் பின்பற்றுவது கதைக்கு வலுவூட்டுவதோடு, நீங்கள் வரைய வேண்டிய சிதைவுக் காட்சிகளையும் மிச்சப்படுத்துகிறது.

இனி முக்கியப் புதிர். வானொலியை இயக்க வேண்டுமானால் வெப்பமூட்டியை நிறுத்தியாக வேண்டும், ஏனெனில் காற்றுச் சுத்திகரிப்பை நிறுத்தக் கதைத்தலைவி உடன்பட மாட்டாள். வானொலிக்கு ஏற்ற அலைவரிசை எண்ணோ அவளுக்குத் தெரியாது. அவளுக்கு முன் அங்கே பணியாற்றியவர் சன்னல் கண்ணாடியில் விரலால் கணக்குப் போடும் பழக்கமுடையவர் என்பதை, ஆட்டத்தின் முதல் ஐந்து நிமிடங்களுக்குள் ஒரு பணிக்குறிப்பில் ஆடுபவர் படித்திருப்பார். வெப்பமூட்டியை நிறுத்திப் பசுங்குடிலின் கதவைத் திறந்துவிட்டால், செடிகளால் ஈரமேறிய காற்று வாழறைக்குள் வந்து, குளிர்ந்த கண்ணாடியில் நீர்த்திவலைகளாகப் படியும். விரல்பட்ட இடங்களில் எண்ணெய்ப் பசையால் அது வேறு விதமாகப் படிவதால் பழைய எழுத்துகள் தெரியவரும். குளியலறைக் கண்ணாடியில் இதை எல்லோரும் பார்த்திருப்போம். வானொலிக்காகச் செய்த தியாகமே வானொலிக்கான விடையையும் கொண்டுவருகிறது. ஒரு செயல் இரண்டு விளைவுகளைத் தரும்போது, ஆடுபவருக்குத் தானே கண்டுபிடித்தோம் என்ற மகிழ்ச்சி கிடைக்கும்.

செவ்வாயிலிருந்து புவிக்கு ஒரு வானொலிச் செய்தி வந்து சேர, கோள்களின் நிலையைப் பொறுத்து ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். எனவே இருவரும் மாறி மாறிப் பேசும் உரையாடலுக்கு இடமே இல்லை. அவள் ஒரு செய்தியை அனுப்புவாள், நெடுநேரம் கழித்து ஒரு பதில் வரும். கிளை கிளையாகப் பிரியும் உரையாடல்களை எழுதிச் சோதிக்கும் பெரும் உழைப்பிலிருந்து ஒளியின் வேகமே உங்களை விடுவிக்கிறது. அந்தக் காத்திருப்பை ஓர் இருண்ட திரையாகக் காட்டலாம். நான் அவள் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளும் ஒரு சிறு காட்சியாகக் காட்டுவேன்.

காற்றுச் சுத்திகரிப்பை நிறுத்தினால் அவளைச் சாகவிடலாமா என்ற கேள்வி எழும். வேண்டாம் என்பதே என் கருத்து. வாக்களிப்பவர்கள் ஒரே மாலையில் பல விளையாட்டுகளை ஆடுபவர்கள். பழைய சேமிப்புக்குத் திரும்பி அதே பத்து நிமிடங்களை மீண்டும் ஆடும் பொறுமையை அவர்களிடம் கேட்பது முறையன்று. கையை விசையருகே கொண்டுசென்று, "மூன்று மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், பிறகு எண்ணங்கள் குழம்பும்" என்று அவள் சொல்லிப் பின்வாங்குவதே போதுமான அச்சத்தைத் தரும். அதேபோல, ஒரு பொருளை வீணாக்கிவிட்டால் ஆட்டத்தை முடிக்கவே இயலாமல் போகும் நிலை எங்கும் ஏற்படாதவாறு ஒவ்வொரு பொருளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நிலைகளின் பெருக்கம்

நான்கு அமைப்புகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழிகள் உள்ளன. ஐந்து அறைகளும் இந்த ஆறு நிலைகளிலும் வெவ்வேறாகத் தோன்ற வேண்டுமென்றால், முப்பது காட்சிகளை வரையவும் ஒவ்வொன்றிலும் உள்ள பொருள்களுக்குத் தனித்தனி வரிகளை எழுதவும் வேண்டியிருக்கும். எளிதாகத் தோன்றும் ஒரு கருத்து மாதத்தை விழுங்குவது இந்த இடத்தில்தான். இதைத் தவிர்க்க, ஓர் அறையில் ஓர் அமைப்பின் விளைவை மட்டும் காட்டுவது என்று விதித்துக்கொள்ளுங்கள்: வாழறையில் வெப்பம் மட்டும், வானொலி அறையில் வானொலி மட்டும் என்பது போல. அப்போது ஓர் அறைக்கு இரண்டு நிலைகள் வீதம் பத்துக் காட்சிகளோடு முடிந்துவிடும். அவற்றிலும் பாதி, விளக்கின் நிறத்தை மாற்றினாலே அமைந்துவிடும். எந்த நிரலையும் எழுதுவதற்கு முன், இந்த அறைகளையும் நிலைகளையும் ஒரு தாளில் கட்டங்களாக வரைந்து, மேசைமேல் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வது பெரிதும் உதவும்.

வரைவதும் நிரல் எழுதுவதும்

பழைய சாகச விளையாட்டுகளின் 320க்கு 200 பிக்சல் அளவைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். அந்த அளவில் ஒரு பின்னணியை இரண்டு மாலைகளில் வரைந்துவிடலாம். நடக்கும் உருவம் வேண்டுமானால் நான்கு திசைகளுக்கும் அசைவுகளை வரைய வேண்டும். இடப்பக்கத்துக்கு வரைந்ததைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்துக்குப் பயன்படுத்தலாம். உருவத்தைக் காட்டாமலேயே, ஆடுபவரின் கண்ணோட்டத்திலிருந்து அறைகளைக் காட்டும் முறையையும் மென்பொருள் அனுமதிக்கிறது. தனிமையைப் பற்றிய கதைக்கு அது நன்றாகப் பொருந்தும் என்பதோடு, வரையும் வேலையும் வெகுவாகக் குறையும்.

நிரலைப் பொறுத்தவரை, மின்சாரத்தின் நிலையை ஒரே இடத்தில், எல்லா அறைகளுக்கும் பொதுவான மாறிகளாக வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு அறை தனித்தனியே குறித்துவைத்தால், ஓர் அறையில் அணைத்த வெப்பமூட்டி மற்றோர் அறையில் எரிந்துகொண்டிருக்கும். ஆடுபவர் அறைக்குள் நுழையும் கணத்தில், திரை தெளிவதற்கு முன்பே, அந்த மாறிகளைப் படித்துச் சரியான காட்சியை அமைக்குமாறு செய்யுங்கள். நீங்கள் எதிர்பாராத சொடுக்குகளையெல்லாம் பிடித்துக்கொள்ளப் பொதுவான ஒரு பகுதி மென்பொருளிலேயே உண்டு. "அது முடியாது" என்ற ஒரே வரியை அதில் இட்டு விட்டுவிடாமல், நான்கைந்து வரிகளையாவது அவளுடைய குரலில் எழுதுங்கள். ஆடுபவர் மிகுதியாகப் படிக்கப்போவது அந்த வரிகளைத்தான்.

தமிழில் எழுத விரும்புவோர் எழுத்துருவை முதல் நாளிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரையும் இயந்திரங்களில், "கொ" என்பதன் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமையாமல் சிதறிவிடும். "கொதிநீர்", "ஸ்ரீ", "கூடு" போன்ற சொற்களை இட்டுப் பாருங்கள். சிதறினால், உலாவியில் இயங்கும் ட்வைன் என்ற இலவசக் கருவியைக் கொண்டு சொல்வழி விளையாட்டாகச் செய்யலாம். எழுத்தை வரையும் பொறுப்பை உலாவி ஏற்பதால் தமிழ் அங்கே சரியாகத் தெரியும். பன்னாட்டு வாக்கெடுப்புக்கு ஆங்கிலப் பதிப்பும் வேண்டியிருக்கும் என்பதால், உரைகளைத் தொடக்கத்திலிருந்தே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை

மூன்றாம் வாரத்தின் இறுதியில், அழகு குறைவாக இருந்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடக்கூடிய பதிப்பு கையில் இருக்க வேண்டும். அதைச் சாகச விளையாட்டுகளில் பழக்கமுள்ள ஒருவரிடமும், பழக்கமே இல்லாத ஒருவரிடமும் கொடுங்கள். அவர்கள் ஆடும்போது பக்கத்தில் அமர்ந்து, வாய் திறவாமல், எந்தப் பொருளை முதலில் தொடுகிறார்கள், எங்கே இரண்டு நிமிடங்களுக்குமேல் தயங்குகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்ய வாய் துடிக்கும். செய்துவிட்டால் அந்தச் சோதனையே பயனற்றுப் போகும். பசுங்குடிலின் கதவைத் திறக்க இருவருக்கும் தோன்றவில்லையென்றால் புதிரை மாற்றாதீர்கள். அந்தக் கதவின் உட்புறக் கண்ணாடி எப்போதும் வியர்த்திருப்பதாக ஒரு வரியைச் சேருங்கள்.

நீங்களே சோதிக்கும்போது, பிழைதிருத்த நிலையில் கன்ட்ரோல் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தினால் விரும்பிய அறைக்கு நேரே தாவலாம். கன்ட்ரோலோடு எஸ் விசையை அழுத்தினால் எல்லாப் பொருள்களும் கைக்கு வந்துவிடும். அனுப்பும் பதிப்பை உருவாக்குமுன் பிழைதிருத்த நிலையை அணைத்துவிட மறக்க வேண்டாம்.

கடைசி இரண்டு நாள்களில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். அனுப்பவிருக்கும் சுருக்கக் கோப்பை, அந்த மென்பொருள் நிறுவப்படாத வேறொரு கணினியில் விரித்து, ஒலியை அணைத்து ஒருமுறையும் ஒலியோடு ஒருமுறையும் முடிவுவரை ஆடிப் பார்த்து, இடையில் சேமித்த ஆட்டம் சரியாகத் திறக்கிறதா என்றும் உறுதி செய்துகொண்டபின், கெடு முடிவதற்கு அரைநாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.