டோசிங் பம்ப் ஓடுகிறது, கெமிக்கல் போகிறதா?

சாயப்பட்டறைக் கழிவுநீர் நிலையம், ஆர்.ஓ. நிலையம், கொதிகலன் அறை என்று எங்கே போனாலும் ஓரமாக ஒரு டோசிங் பம்ப் (தண்ணீரில் கெமிக்கலை அளந்து விடும் சிறு பம்ப்) டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். அதன் உள்ளே இருப்பது ஒரு டயாஃப்ரமும் (முன்னும் பின்னும் வளையும் சவ்வு), ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு செக் வால்வுகளும்தான். டயாஃப்ரம் பின்னால் நகரும்போது கீழ் வால்வு திறந்து கெமிக்கலை உள்ளே விடும். முன்னால் நகரும்போது கீழ் வால்வு மூடி, மேல் வால்வு திறக்கும். ஒவ்வோர் அடிக்கும் இவ்வளவு என்று அளந்து கொடுப்பதற்காகத்தான் இந்தப் பம்பை வாங்குகிறோம்.

ஆனால் ஹெட்டுக்குள் (டயாஃப்ரமும் வால்வுகளும் இருக்கும் பம்பின் முன்பகுதி) காற்று அடைத்துக்கொண்டாலும், வால்வு உட்கார்ந்து அடைக்கும் இருக்கையில் ஒரு துரும்பு சிக்கினாலும், டேங்க் காலியானாலும் அந்தச் சத்தம் நிற்காது. ஆப்பரேட்டர் எட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார். கெமிக்கல் போகவில்லை என்பது ஆர்.ஓ. மெம்ப்ரேன் (வடிகட்டும் சவ்வு) அடைத்த பிறகோ, தண்ணீரில் குளோரின் இல்லையென்று ஆய்வகம் சொன்ன பிறகோதான் தெரியவரும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படிச் சத்தத்தை நம்பியதால் நீடிப்பவை.

பெரிதாக வாங்குவது பாதுகாப்பு அல்ல

மணிக்கு 50 கன மீட்டர் தண்ணீர் எடுக்கும் ஓர் ஆர்.ஓ. நிலையத்தை எடுத்துக்கொள்வோம். மெம்ப்ரேனில் உப்பு படியாமல் காக்கும் ஆன்டிஸ்கேலன்ட் 3 பி.பி.எம். (கன மீட்டருக்கு 3 கிராம்) தேவை என்றால் மணிக்கு 150 கிராம். அடர்த்தி 1.1 என்று வைத்துக்கொண்டால் சுமார் 136 மில்லி லிட்டர். இதற்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மணிக்கு 6 லிட்டர் பம்பை வாங்கிவிடுகிறார்கள். பிறகு அதைத் திறனில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலே ஓட்ட வேண்டியிருக்கிறது. அந்த அளவில் சாதாரணப் பம்புகள் துல்லியமாக அளக்காது. கெமிக்கலைப் பத்து மடங்காக நீர்த்து, மணிக்கு 2 லிட்டர் பம்பை வைத்தால் அதே தேவை 68 சதவீதத்தில் வந்து நிற்கும். அன்றாடத் தேவை பம்பின் திறனில் பாதிக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் அமைவது நல்லது. கூட்டவும் குறைக்கவும் இடமிருக்கும்.

அளவை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டயாஃப்ரம் எவ்வளவு தூரம் நகர்கிறது என்ற ஸ்ட்ரோக் நீளம். மற்றொன்று, நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம். இவை ஒன்றோடொன்று பெருக்கப்படும். இரண்டையும் 50 சதவீதத்தில் வைத்தால் வெளியே வருவது 50 அல்ல, 25 சதவீதம். டோஸ் பாதியாகப் போவதற்கு இந்தக் கணக்குப் பிழையே காரணமாக இருப்பதுண்டு. ஸ்ட்ரோக் நீளத்தை 20, 30 சதவீதத்துக்குக் கீழே இறக்கினாலும் துல்லியம் போய்விடும். வாயு விடும் கெமிக்கலாக இருந்தால் நீளத்தை உயர்வாக வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். நீளமான அடிதான் ஹெட்டில் சேரும் குமிழ்களை வெளியே தள்ளும். ஸ்ட்ரோக் நீளத்தை மாற்றும் திருகைப் பம்ப் ஓடும்போது மட்டும் திருப்ப வேண்டும் என்று பல கையேடுகள் கண்டிப்பாகச் சொல்கின்றன. நின்றிருக்கும் பம்பில் வலிந்து திருப்பினால் உள்ளிருக்கும் அமைப்பு சேதமாகும்.

உறிஞ்சும் பக்கத்தை முதலில் பாருங்கள்

கெமிக்கல் வரவில்லை என்றதும் ஃபிட்டர் ஸ்பேனரை எடுத்துப் பம்பைக் கழற்றத் தொடங்குகிறார். எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. குறை பெரும்பாலும் டேங்குக்கும் பம்புக்கும் இடையே உள்ள அந்த ஒன்றிரண்டு மீட்டர் ஹோஸில்தான் இருக்கும்.

இந்தப் பம்ப் சீராக இழுப்பதில்லை, விட்டுவிட்டு இழுக்கிறது. சராசரி ஓட்டம் மணிக்கு 100 லிட்டர் என்றால், இழுப்பின் உச்சத்தில் ஓட்டம் அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கும். சராசரிக்கு ஏற்பக் குழாய் விட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் உச்சத்தில் அழுத்தம் சரிந்து, கெமிக்கல் உள்ளேயே ஆவிக் குமிழாகப் பிரியும். பாலிமர் போன்ற கெட்டியான திரவத்துக்கு இன்னும் அகலமான குழாய் வேண்டும். ஆகவே உறிஞ்சு குழாய் குட்டையாகவும் அகலமாகவும், பம்பை நோக்கிச் சீராக ஏறுவதாகவும் இருக்கட்டும். நடுவில் ஹோஸ் வளைந்து மேடு கட்டினால் காற்று அங்கே போய்த் தங்கும்.

டேங்கின் திரவ மட்டம் எப்போதும் பம்புக்கு மேலே இருக்கும்படி அமைப்பதே சிறந்தது. அது முடியாமல் டேங்க் மேல் பம்பை வைத்தால், சிறிய சோலனாய்டு (மின்காந்தத்தால் அடிக்கும்) பம்புகளுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் இழுக்கும் உயரம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறிஞ்சு குழாயின் அடிநுனியில் இருக்கும் ஃபுட் வால்வு செங்குத்தாகத் தொங்க வேண்டும். அதன் உள்ளே இருக்கும் பந்து தன் எடையால்தான் உட்கார்ந்து அடைக்கிறது. டேங்கில் சாய்ந்து கிடந்தால் அடைக்காது, ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஹோஸ் காலியாகும். டேங்கின் அடியிலிருந்து குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் மேலே அது இருக்கட்டும். கரையாத ஆலமும் சுண்ணாம்பும் அடியில்தான் படிகின்றன.

மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பும் இதே வம்பைச் செய்யும். அதன் நுனி பிய்ந்து உள்ளே போனால் நேராக செக் வால்வில் போய் உட்காரும். ஓ-ரிங் வைத்து அடைக்கும் இணைப்புகளுக்கு டேப்பே தேவையில்லை. கையால் இறுக்கினால் போதும்.

ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது டேங்கில் இருக்கும்போதே சிதைந்து ஆக்சிஜனை விடுகிறது, வெயில் ஏற ஏற வேகமாக. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தகரத்தின் கீழ் வைத்த டேங்கில் சரக்கு வலுவிழக்கும், ஹெட்டில் வாயுவும் அடைக்கும். காலையில் பம்பை ஓட்டினால் கெமிக்கல் வராமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். டேங்குக்கு நிழல் கொடுங்கள், பழைய சரக்கை முதலில் தீருங்கள், வாயுவை டேங்குக்கே திருப்பும் வால்வு கொண்ட ஹெட்டை வாங்குங்கள். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பாகங்கள் ஹைப்போவுக்கு வேண்டாம். அவை குழி விழுந்து அரிப்பது மட்டுமல்ல, நிக்கல் போன்ற உலோகங்கள் சிதைவை விரைவாக்கும். இன்னொன்றும் உண்டு. சாதாரண பால் வால்வை (பந்தைத் திருப்பி மூடும் வால்வு) மூடும்போது பந்தின் உட்குழியில் கொஞ்சம் ஹைப்போ அடைபடும். வாயு அழுத்தம் ஏறி வால்வே வெடிக்கலாம். ஹைப்போவுக்கென்று துளையிட்ட பால் வால்வுகள் கிடைக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்க வேண்டும்.

வெளியேற்றும் பக்கம்

கெமிக்கல் சேரும் இடம் டேங்கைவிடத் தாழ்வாக இருந்தால், பம்ப் நின்ற பிறகும் கெமிக்கல் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். செக் வால்வுகள் இதைத் தடுக்காது. ஓட்டம் அவை திறக்கும் திசையிலேயே போகிறது. குறிப்பிட்ட அழுத்தம் வந்தால்தான் திறக்கும் பேக் பிரஷர் வால்வு ஒன்றை வைத்து, உறிஞ்சும் பக்கத்தைவிட வெளியேற்றும் பக்கத்தில் ஒரு பார் அளவாவது அழுத்தம் கூடுதலாக இருக்கச் செய்தால் இது நிற்கும், டோஸும் சீராகும்.

அழுத்தம் மிஞ்சினால் திறந்து வடிக்கும் ரிலீஃப் வால்வு இல்லாமல் இந்தப் பம்பை நிறுவவே கூடாது. இது சென்ட்ரிஃப்யூகல் பம்ப் போல மூடிய வால்வுக்கு எதிரே சும்மா சுழலாது. குழாயோ டயாஃப்ரமோ கிழியும்வரை தள்ளும். ரிலீஃப் வால்வைப் பம்புக்கும் முதல் அடைப்பு வால்வுக்கும் இடையில் வைக்க வேண்டும். அதன் திரும்பு குழாய் டேங்குக்குப் போகட்டும், அதுவும் கண்ணில் படும்படி. அதை உறிஞ்சு குழாயிலேயே இணைத்துவிட்டால் வால்வு திறந்திருப்பது யாருக்கும் தெரியாது.

கெமிக்கல் கலக்கும் முனை குழாயின் நடுவரை நீண்டிருந்தால் நன்கு கலக்கும். கடின நீரில் காஸ்டிக்கோ ஹைப்போவோ விடும் முனையில் கால்சியம் கார்பனேட் படிந்து அடைக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வழி வைக்க வேண்டும். தண்ணீர் ஓட்டம் நின்றால் டோசிங்கும் தானாக நிற்கும்படி ஃப்ளோ ஸ்விட்ச் இணைப்பு கட்டாயம். நின்ற குழாயில் ஹைப்போவும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு உருவாகும். நீச்சல் குளங்களில் மக்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனது இப்படித்தான்.

அளந்து பார்ப்பது

உறிஞ்சும் பக்கத்தில் அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்த அதிகச் செலவாகாது. டேங்க் வால்வை மூடி, பம்ப் அந்தக் குழாயிலிருந்து மட்டும் இழுக்கும்படி விட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி லிட்டர் இறங்குகிறது என்று பார்த்து அறுபதால் பெருக்கினால் மணிக்கான அளவு கிடைக்கும். பம்போடு வரும் வரைபடம் பொதுவாகத் தண்ணீரை வைத்துப் போட்டது. உங்கள் கெமிக்கலோடு, உங்கள் குழாய் அழுத்தத்தில் எடுத்த அளவே செல்லும். வெளியேற்று ஹோஸைக் கழற்றி வாளியில் பிடித்து அளப்பவர்கள் இருக்கிறார்கள். அழுத்தம் இல்லாத நிலையில் பம்ப் கூடுதலாகத் தள்ளும் என்பதால் அந்த எண் ஏமாற்றிவிடும்.

பராமரிப்பு

ஹெட்டுக்குப் பின்னால், அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். டயாஃப்ரம் கிழிந்தால் கெமிக்கல் அதன் வழியே சொட்டி நமக்கு அறிவிக்க வேண்டும். சொட்டுகிறதே என்று அதை எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்த பின் ஆசிட் பின்னால் போய் கியர்பாக்ஸையோ சோலனாய்டையோ தின்றுவிடும். டயாஃப்ரம் விலையில் முடிந்திருக்க வேண்டியது புதுப் பம்பில் முடியும். துளையில் ஒரு சொட்டு கண்டாலும் பம்பை நிறுத்திவிட வேண்டும். கிழியும்வரை காத்திராமல், கையேடு சொல்லும் ஓட்ட நேரத்தில் டயாஃப்ரத்தையும் வால்வுப் பந்துகளையும் இருக்கைகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள், டயாஃப்ரத்தில் உள்ள பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) அழுந்தித் தளரும் தன்மையுள்ளது என்பதால் ஒரு நாள் ஓடிய பின் மறுபடி சரிபார்க்க வேண்டும். செக் வால்வின் அம்புக்குறி மேல்நோக்கியே இருக்கட்டும். தலைகீழாகப் போட்டால் பம்ப் அடிக்கும், சொட்டுக்கூட வராது.

சல்ஃபியூரிக் ஆசிட்டுக்குப் புதுப் பம்ப் வந்தால், ஓட்டுவதற்கு முன் ஹெட்டைக் கவிழ்த்து உள்ளே ஈரமில்லாமல் உலர்த்துங்கள். தொழிற்சாலையில் தண்ணீர் விட்டுச் சோதித்திருப்பார்கள். அந்த மிச்சத் தண்ணீரில் அடர் ஆசிட் பட்டால் கொதித்துத் தெறிக்கும். பழைய பம்பைத் திறக்கும்போதும் மின்சாரத்தைத் துண்டித்து, குழாய் அழுத்தத்தை இறக்கி, தண்ணீரால் கழுவிய பிறகே ஸ்பேனர் போட வேண்டும். ஆனால் அடர் சல்ஃபியூரிக் ஓடிய ஹெட்டில் நேரே தண்ணீர் விடக் கூடாது. முதலில் ஆசிட்டை முழுவதும் வடித்துவிட்டு, முகக் கவசமும் ரப்பர் கையுறையும் அணிந்து, ஏராளமான தண்ணீரில் கழுவ வேண்டும்.