‘குழு விசாரித்தது’ என்று எழுதுமுன்: பாதுகாப்பு அமைப்புகளும் நாடாளுமன்றமும், தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தைப் பற்றி விவாதப் போட்டிக்கு மாணவர்கள் எழுதிவரும் குறிப்புகளிலும், புதிதாகச் செய்தி எழுத வருபவர்களின் பிரதிகளிலும் ஒரே வாக்கியம் மாறாமல் வந்து நிற்கிறது: ‘இதை நாடாளுமன்றக் குழு விசாரித்தது.’ இன்று அதைத் திருத்துகிறவர்களும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவர்கள்தான். பெயர்ப் பிழை, ஆண்டுப் பிழையெல்லாம் எவர் கண்ணிலும் பட்டுவிடும். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் ‘குழு’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது

தமிழில் எழுதும்போது இந்தத் தவறு இன்னும் சுலபமாக வரும். தெரிவுக் குழு, விசாரணைக் குழு, ஆலோசனைக் குழு, அரசாங்க நாடாளுமன்றக் குழு: நான்குக்கும் வால் ஒன்றுதான். தலைப்பில் இடம் போதவில்லை என்று முன்சொல்லை வெட்டினால் நான்கும் ஒன்றாகிவிடும். ஆனால் ஒவ்வொன்றையும் அமர்த்துபவர் வேறு. அது பதில் சொல்லும் இடமும் வேறு.

2008 பிப்ரவரி 27-ஆம் தேதி, விட்லி ரோடு தடுப்புக்காவல் நிலையத்திலிருந்து, ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பின் சிங்கப்பூர்த் தலைவர் மாஸ் செலாமாட் கஸ்தாரி தப்பினார். மறுநாளே அப்போதைய உள்துறை அமைச்சர் வோங் கான் செங் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். ஏப்ரல் 21-ஆம் தேதி, விசாரணைக் குழு கண்டறிந்ததையும் அவரே மன்றத்தில் எடுத்துச் சொன்னார்: குடும்பத்தாரைச் சந்திக்கும் கட்டடத்தின் கழிவறையில் கம்பி போடாத காற்றோட்டச் சன்னல், காவலர்களின் கவனக்குறைவு, கட்டடத்துக்கு வெளியே வேலியில் இருந்த பலவீனம்.

இவ்வளவும் மன்றத்தில் பேசப்பட்டதால் ‘நாடாளுமன்றம் விசாரித்தது’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. பேசியது மன்றத்தில்தான், ஆனால் விசாரித்தது மன்றம் அல்ல. குழுவை அமர்த்தியவர் அமைச்சர். தலைவர், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கோ ஜூன் செங். மற்ற இருவரில் ஒருவர் முன்னாள் காவல்துறை ஆணையர். இன்னொருவர் அதே உள்துறை அமைச்சின் துணைச் செயலாளர். ஓர் எம்.பி.கூடக் கிடையாது. அறிக்கை போனதும் அமைச்சரிடமே. மன்றத்துக்குக் கிடைத்தது அவர் எடுத்துரைத்த அளவு.

அந்த ஏற்பாடு போதுமா, போதாதா என்பது தனி வாதம். எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும், அடிப்படைத் தகவலே பிசகினால் எதிரணி ஒரே கேள்வியில் மடக்கிவிடும்: ‘அந்தக் குழுவில் இருந்த எம்.பி. யார்?’ அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் நல்ல கருத்தும் எடுபடாது. 2018-இல் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடுபோன சிங்ஹெல்த் இணைய ஊடுருவலிலும் இதே கதைதான். விசாரித்தது அமைச்சர் அமர்த்திய குழு.

உண்மையில் நாடாளுமன்றம் அமர்த்திய குழு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், அதே 2018-இல் இணையப் பொய்ச் செய்திகளை ஆராய்ந்த தெரிவுக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மன்றத் தீர்மானத்தால் அமைந்தது. உறுப்பினர் 10 பேர், அவர்களில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர், நியமன எம்.பி. ஒருவர். மார்ச்சில் 8 நாள் பொது விசாரணை நடத்தி, செப்டம்பரில் 22 பரிந்துரைகளோடு மன்றத்திடமே அறிக்கை கொடுத்தது.

இன்னும் எரிச்சலூட்டுவது அரசாங்க நாடாளுமன்றக் குழு. பெயரில் ‘நாடாளுமன்றம்’ இருந்தாலும் அது மன்றத்தின் உறுப்பு அல்ல. 1987-இல் மக்கள் செயல் கட்சி தன் எம்.பி.க்களைக் கொண்டு தொடங்கிய கட்சி ஏற்பாடு அது. அதற்குச் சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் இல்லை. எதிர்க்கட்சியினருக்கு அதில் இடமும் இல்லை. அந்தக் குழுவின் தலைவர் கருத்துச் சொன்னார் என்றால், ஓர் எம்.பி. கருத்துச் சொன்னார் என்றுதான் பொருள்.

பிரித்தறிய ஒரு வழி: அறிக்கையின் அட்டையைப் பாருங்கள். மன்றத்தின் குழு கொடுத்ததென்றால் ‘பார்ல்.’ என்று தொடங்கும் எண் இருக்கும். பொய்ச் செய்தி அறிக்கைக்கு அது ‘பார்ல். 15, 2018’. அரசாங்கம் மன்றத்தில் வைக்கும் ஆவணத்தில் ‘சிஎம்டி’ என்றிருக்கும். இரண்டும் இல்லையென்றால், அமர்த்தியவர் யார் என்பதை, மன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்டில் தேடிய பிறகு எழுதுங்கள்.

தடுப்புக்காவலை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது

1988 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒருவரை வழக்கு விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அமைச்சரின் முடிவுக்கான காரணங்களை நீதிமன்றம் ஆராயலாம் என்றது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தையும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தையும் திருத்தி அந்தக் கதவைச் சாத்தியது. சட்டம் சொன்ன நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதை மட்டுமே இப்போது நீதிமன்றம் பார்க்க முடியும். 1988 தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு 1989 திருத்தத்தை விட்டுவிடும் கட்டுரைகள் நிறைய.

தடுப்புக்காவல் உத்தரவு ஒருமுறைக்கு இரண்டு ஆண்டுவரை, நீட்டிக்கலாம். தடுத்துவைக்கப்பட்டவரின் முறையீட்டைக் கேட்கும் ஆலோசனைக் குழு மூன்று மாதத்துக்குள் பரிந்துரை தர வேண்டும்.

தடுப்புக்காவலில் இருப்பவரை அதிபர் நினைத்தால் விடுவிக்கலாம் என்பது

முடியாது. ஆலோசனைக் குழு ‘விடுவியுங்கள்’ என்று சொல்லி, அரசாங்கம் மறுத்தால் மட்டுமே, தொடர்ந்து தடுத்துவைக்க அதிபரின் சம்மதம் தேவைப்படுகிறது.

கேள்வியைத் தப்பாகக் கேட்பது

‘உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் எத்தனை அதிகாரிகள், என்னென்ன நடவடிக்கைகள்?’ என்று எம்.பி. மன்றத்தில் கேட்டால் தேசியப் பாதுகாப்பு என்ற ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். முன்னறிவிப்பாகக் கொடுத்த ஏழு முழு நாளும் வீண். எந்தச் சட்டம், யாருக்கு அதிகாரம், என்ன கட்டுப்பாடு என்று கேட்கும்போதுதான் பதில் வருகிறது.

2021 ஜனவரி 4-ஆம் தேதி வந்த கேள்வி அப்படிப்பட்டது. கோவிட் தொற்றுத் தொடர்பைக் கண்டறியும் டிரேஸ்டுகெதர் திட்டத்தின் தரவு குற்றப் புலனாய்வுக்குப் பயன்படுமா, அதற்கான சட்ட ஏற்பாடு எது, பாதுகாப்பு என்ன? குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறை பெறலாம் என்று பதில் வந்தது. தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே அந்தத் தரவு என்று முந்தைய ஆண்டு ஜூனில் மக்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மறுநாள், முன்பு பேசியபோது அந்தச் சட்டம் தன் நினைவுக்கு வரவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் மன்றத்தில் ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 2-ஆம் தேதி, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டும் மசோதா நிறைவேறியது. கேட்ட நாளிலிருந்து மசோதா நிறைவேற ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேட்டவர் ஆளுங்கட்சி எம்.பி. என்பதையும் கவனியுங்கள்.

சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் எல்லா மசோதாவையும் பார்க்கும் என்பது

தற்காப்பு, பாதுகாப்பு சார்ந்தது என்று பிரதமர் சான்றளித்த மசோதா அங்கே போகாது.

‘100 வெள்ளி வெட்டு’ என்பதைச் சிக்கனம் என்று எழுதுவது

அது வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் பேசுவதற்கான நுழைவுச் சீட்டு. அமைச்சின் ஒதுக்கீட்டை 100 வெள்ளி குறைக்கும்படி முன்மொழிந்துதான் எம்.பி. அந்த அமைச்சைக் கேள்வி கேட்கிறார். ஒதுக்கீட்டுப் பட்டியலில் உள்துறை தலைப்பு ‘பி’ (P), தற்காப்பு தலைப்பு ‘ஜே’ (J). பேசி முடித்ததும் வெட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். யாருக்கும் 100 வெள்ளி குறையாது.

பிரிட்டனைப் பாருங்கள் என்பது

பாருங்கள், ஆனால் முழுதாகப் பாருங்கள். அங்கே உளவு அமைப்புகளைக் கண்காணிக்கும் ‘வேவு, பாதுகாப்புக் குழு’வின் 9 பேரையும் முன்மொழிபவர் பிரதமர். நியமிப்பது நாடாளுமன்ற அவைகள். அறிக்கை முதலில் பிரதமரிடம் போகும். ரஷ்யா பற்றிய அறிக்கை 2019 அக்டோபரில் அவர் கைக்குப் போய், 2020 ஜூலை 21-ஆம் தேதிதான் வெளியானது. நடுவில் ஒரு பொதுத்தேர்தலே முடிந்துவிட்டது.

இந்தியாவை உதாரணம் காட்டுவது

வெளிநாட்டு உளவு அமைப்பான ரா, உள்நாட்டு உளவு அமைப்பான ஐபி இரண்டுக்குமே தனி நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு கிடையாது.

சிங்கப்பூரின் வெளிநாட்டு உளவுப் பிரிவான எஸ்ஐடி பற்றி உள்துறை அமைச்சரிடம் கேட்பது

அது தற்காப்பு அமைச்சின் கீழ் உள்ளது.