வெண்புள்ளி எல்லாம் அணு அல்ல: ஆக்சைடு மேற்பரப்புப் படங்களை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரூட்டைல் என்ற படிகவடிவில் உள்ள டைட்டானியம் டையாக்சைடின் (110) முகத்தை, அதாவது படிகத்தைக் குறிப்பிட்ட ஒரு திசையில் வெட்டினால் கிடைக்கும் மேற்பரப்பை, கூரிய ஊசிமுனையால் வருடிப் படமெடுக்கும் ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியில் (எஸ்.டி.எம்.) முதன்முதலாகப் பார்ப்பவருக்கு, உழவுசால் போல மாறி மாறி ஓடும் வெளிர் வரிசைகளும் கரு வரிசைகளும் தெரியும். மேற்பரப்பில் துருத்தி நிற்பவை பால ஆக்சிஜன் அணுக்கள் (இரு டைட்டானியம் அணுக்களைப் பாலம் போல இணைப்பவை) என்று படித்திருப்பதால், வெளிர் வரிசையே ஆக்சிஜன் என்று அவர் முடிவுகட்டிவிடுவார். அது தவறு. இக்கருவி உயரத்தை மட்டும் காட்டுவதில்லை. ஊசிமுனைக்கும் மாதிரிக்கும் இடையே எலக்ட்ரான்கள் எவ்வளவு எளிதில் ஊடுருவுகின்றன என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. மாதிரிக்கு நேர்மின்னழுத்தம் கொடுக்கும்போது எலக்ட்ரான்கள் சென்று சேரும் வெற்று ஆற்றல்நிலைகள் பெரும்பாலும் டைட்டானியத்துக்கு உரியவை. ஆகவே தாழ்ந்திருக்கும் டைட்டானியம் வெளிராகவும், ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் உயர்ந்து நிற்கும் ஆக்சிஜன் கருமையாகவும் தெரிகின்றன. ஊசிமுனையில் ஏதேனும் ஒட்டிக்கொண்டால் இந்தத் தோற்றமும் தலைகீழாகிவிடலாம்.

இதைவிடப் பெரிய குழப்பம் கரு வரிசைகளின் மேல் தெரியும் வெண்புள்ளிகளால் வந்தது. படிகத்தை வெற்றிடத்தில் சூடாக்கும்போது சில பால ஆக்சிஜன்கள் வெளியேறிக் காலியிடங்கள் உண்டாகின்றன; அவை வெண்புள்ளிகளாகத் தெரியும். ஹைட்ராக்சில்களும் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த OH தொகுதிகள்) அதே வரிசையில், சற்றே கூடுதல் ஒளியுடன், அவ்வாறே தெரியும். காலியிடத்தில் விழும் ஒரு நீர் மூலக்கூறு பிரிந்து இரண்டு ஹைட்ராக்சில்களைத் தருகிறது: ஒன்று அந்த இடத்திலேயே, மற்றொன்று அருகிலுள்ள ஆக்சிஜனின் மேல். முன்பு வெளியான சில படங்களில் ஹைட்ராக்சில்களே காலியிடங்களாக எண்ணப்பட்டிருந்தன; 2005, 2006 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பிறகே இரண்டையும் பிரித்தறிவது தெளிவாயிற்று. எனவே ஒரே ஒரு படத்தை வைத்துப் பெயர் சூட்டாமல், நீராவியைச் சிறிது சிறிதாக விட்டு, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து ஒப்பிட வேண்டும். ஊசிமுனை வழியே ஏறத்தாழ 3 வோல்ட் மின்னழுத்தத் துடிப்பு கொடுத்தால் ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் கழன்றுவிடும், காலியிடம் அப்படியே இருக்கும். இதுவும் நல்ல சோதனை. அதே காரணத்தால், உயர் மின்னழுத்தத்தில் வருடிவிட்டு, ஊசிமுனை செய்த மாற்றத்தை வினை என்று எழுதிவிடவும் கூடாது.

‘எங்கள் வெற்றிடம் மிகத் தூயது’ என்ற நம்பிக்கையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 10⁻⁶ டார் (டார் என்பது அழுத்த அலகு; வளிமண்டல அழுத்தம் 760 டார்) அழுத்தத்தில், மோதும் மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டால், மேற்பரப்பு மூடப்பட ஏறத்தாழ ஒரு நொடி போதும். 10⁻¹⁰ டாரில் அது 10,000 நொடி. காலியிடங்களோ மேற்பரப்பு இடங்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. எஞ்சிய வாயு முழுவதும் நீராவி என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ கால் மணி நேரத்திலேயே அவை நிரம்பிவிடக்கூடும். மாதிரி குளிரட்டும் என்று காத்திருக்கும் நேரமும் இக்கணக்கில் சேரும்.

ஒரு படம் முடியப் பெரும்பாலும் பல நொடிகள் ஆகும். அதற்குள் மூலக்கூறு பலமுறை தாவியிருக்கலாம். முதல் படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நேர்க்கோடு வரைந்து, அதுவே வினையின் பாதை என்று சொல்வது ஊகம் மட்டுமே.

வெற்றிடத்தில் கண்டதை அப்படியே வினையூக்கி உலைக்குப் பொருத்துவதிலும் எச்சரிக்கை தேவை. ரூத்தேனியம் உலோகம் மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்வதில் மந்தமானது. அழுத்தம் கூடி ஆக்சிஜன் மிகும்போதோ மேற்பரப்பில் ரூத்தேனியம் டையாக்சைடு உருவாகி, அந்த ஆக்சைடே வினையை விரைவுபடுத்துகிறது.