முகத்தைப் பார்த்து மட்டும் பூனைக்குட்டியை எடுக்காதீர்கள்

நாட்டுப் பூனைக்குட்டி எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் முகத்தையும் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் அது பத்துப் பதினைந்து வருடம் நம்மோடு இருக்கப் போகிற ஜீவன். அதன் முதல் சில வாரங்கள் எப்படிப் போயின என்று விசாரிக்காமல் தூக்கிக்கொண்டு வருவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

பூனைக்குட்டி மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்வது முக்கியமாக 2 முதல் 7 வாரத்துக்குள். அந்த நாட்களில் பலபேர் தூக்கிக் கொஞ்சி, மிக்ஸி சத்தம், குழந்தைகள் நடமாட்டம் எல்லாம் கேட்டு வளர்ந்த குட்டி பிறகு எதற்கும் எளிதில் மிரளாது. அதே வாரங்களை ஆள் அரவமில்லாத கொட்டகையில் கழித்த குட்டியைப் பழக்கவே முடியாது என்றில்லை, ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அதனால் குட்டிகள் வீட்டுக்குள் வளர்ந்தனவா, தினமும் யார் தூக்கினார்கள் என்று கேளுங்கள். தாயையும் பாருங்கள். தாய் உங்களைக் கண்டதும் சீறி ஓடினால், குட்டிகளும் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கும்.

அடுத்தது அவசரம். “தானாகச் சாப்பிடுகிறது, எடுத்துக்கொண்டு போங்கள்” என்று ஐந்தாவது வாரத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். குறைந்தது 8 வாரம் தாயோடு இருக்க வேண்டும், 12 வாரம் என்றால் இன்னும் நல்லது. விளையாட்டில் பலமாகக் கடித்தால் கூடப்பிறந்த குட்டி வீல் என்று கத்தி விலகிவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவு அப்படித்தான் படிகிறது. அது படியாத குட்டி உங்கள் கையில்தான் பழகும். வயதில் சந்தேகம் இருந்தால் எடை போட்டுப் பாருங்கள். 8 வாரக் குட்டி ஏறக்குறைய 800 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். தாயை இழந்த குட்டியைக் காப்பாற்ற எடுப்பது வேறு விஷயம், அங்கே இந்தக் கணக்கு பார்க்க முடியாது.

மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து “என்ன சாதுவான குட்டி” என்று எடுப்பவர்கள் நிறைய பேர். நானும் ஒருமுறை அப்படித்தான் எடுத்தேன். சாது இல்லை, காய்ச்சல். அதிலிருந்து, குட்டி பார்க்கப் போனால் தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் சும்மா இருப்பேன். நல்ல குட்டி முதலில் தயங்கினாலும் கொஞ்ச நேரத்தில் வந்து விரலை முகர்ந்து பார்க்கும். தூக்கினால் கொஞ்சம் திமிறும், அப்புறம் அடங்கும்.

சரி, கையில் எடுத்தாயிற்று. கண்ணில் பீளை, தும்மல் இருந்தால் “சளிதான், சரியாகிவிடும்” என்று விடாதீர்கள், அது வைரஸ் தொற்றாக இருக்கலாம். காதுக்குள் காப்பித்தூள் மாதிரிக் கறுப்பாக இருந்தால் காதுப்பூச்சி. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் குடற்புழு. வாலைத் தூக்கிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள், பேதி இருந்தால் அங்கே தெரிந்துவிடும். ரோமத்தை விலக்கும்போது கறுப்புப் பொடி கிடந்தால் ஈரப் பஞ்சில் வைத்து அழுத்துங்கள். துருச் சிவப்பாகக் கரைந்தால் அது மண் இல்லை, குட்டியின் ரத்தத்தைக் குடித்த தெள்ளுப்பூச்சியின் எச்சம். உடனே ஈறுகளைப் பாருங்கள். வெளிறியிருந்தால் ரத்தசோகை, டாக்டரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தைப் போட்டுவிடாதீர்கள், அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

“நாட்டுப் பூனைக்கு எதுவும் வராது, ஊசி எதற்கு” என்பதும் தவறு. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பான்லூக்கோபீனியா வைரஸ் இனம் பார்த்து வருவதில்லை. முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில், பிறகு 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் தாண்டும் வரை. அதே ஈற்றில் ஏதாவது குட்டி இறந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் புதுக்குட்டியை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள்.

கிளம்பும்போது, தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி அந்த வாசனையில்தான் குட்டி தூங்கும்.